கொரியாவில் அடிப்போனெக்டின் டேட்டா வாங்கிய பாடு

ஒருவழியாக என் ஆய்வு முடிவு டேபிள்கள் வெளியே வந்துவிட்டன. கொரியாவில் போஸ்ட்டாக் செய்துகொண்டு, இங்குள்ள பயோபேங்க் (மக்களின் ரத்த மாதிரிகளையும் மரபணு விவரங்களையும் சேமித்துவைக்கும் நிறுவனம்) ஒன்றில் டேட்டா கேட்கலாமென்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

ஏன் கொரிய டேட்டாதான் வேண்டும் என்று கேட்பீர்கள். அடிப்போனெக்டின் கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். ஆனால் உடம்பில் கொழுப்பு ஏற ஏற ரத்தத்தில் இது குறையும். ஐரோப்பியர்களிடம் இதன் அளவை அதிகம் ஆட்டிவைப்பது, அந்த ஹார்மோனையே தயாரிக்கும் ஏடிஐபிஓக்யூ மரபணு. கிழக்காசியர்களிடம் தேடினால் முதலில் தலைகாட்டுவது 16ஆம் குரோமோசோமில் இருக்கும் சிடிஎச்13 என்ற மரபணு. கொரியர்களிடமும், பிலிப்பைன்ஸின் செபு பெண்களிடமும் 2010இலேயே இது தெரிந்தது. அடுத்த வருடம் தைவானிலும். எங்கள் லேபில் பார்ப்பது இந்த சிடிஎச்13ஐத்தான்.

முதல் அடி என் பெயரிலேயே விழுந்தது. நமக்கேது சர்நேம்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கின்றன. வெளிநாட்டவர் அட்டையில் அப்படியே இடைவெளியோடு அச்சாகியிருக்கிறது. செல்போன் கம்பெனிக்காரர் இடைவெளியை விழுங்கி ஒரே சரமாக ஏற்றிவைத்திருந்தார். விண்ணப்பத் தளமோ செல்போன் வழியாகத்தான் ஆளைச் சரிபார்க்கும். அட்டையிலுள்ளபடி அடித்தால் போன் ஒத்துக்கொள்ளாது, போனிலுள்ளபடி அடித்தால் அட்டை ஒத்துக்கொள்ளாது. ஹெல்ப்லைனில் கேட்டால், "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்றால் நம்பவில்லை. போன் கடைக்கு அட்டையோடு நேரில் போய், கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி சரிபார்த்த பிறகுதான் கதவு திறந்தது. மற்ற எதற்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

ஐஆர்பி (ஆய்வு நெறிமுறைக் குழு) விலக்குச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வந்தது. புரொபசர் கையெழுத்திட்ட கடிதமும் இணைத்தாயிற்று. விண்ணப்பம் திரும்பி வந்தது. "கோங்முன் இல்லை." கோங்முன் என்றால் அலுவல்முறைக் கடிதம். ரயில் பிடித்து பயோபேங்குக்கு நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர். எழுந்து நின்று, தலைகுனிந்துதான் மறுத்தார்.

"புரொபசர் கையெழுத்து இருக்கிறதே?"

"புரொபசர் தனிநபர், டாக்டர். கோங்முன் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். வரிசை எண், முத்திரை இரண்டும் வேண்டும்."

"இதை வெப்சைட்டில் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கிறோம். கொரிய மொழிப் பக்கத்தில்."

ஆங்கிலப் பக்கத்தை நம்பிப் போகிறவர்களுக்கு இதுதான் கதி. உங்கள் துறை அலுவலகத்தில் "கோங்முன் வேண்டும்" என்ற இரண்டே சொல் சொன்னால் போதும், அவர்களுக்கு எல்லாம் தெரியும்; எனக்கு மாலைக்குள் அனுப்பிவிட்டார்கள்.

மரபணு டேட்டாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹார்மோன் அளவைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வரைபடத்தில் ஒட்டகம்போல் இரண்டு திமில். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு வேறுபடும், பெண்களுக்கு அதிகம். ஆனால் பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் அதே இரண்டு திமில்! டேட்டா விளக்கக் கோப்பில் வெறுமனே "அடிப்போனெக்டின்" என்று ஒரே வரி. பிறகு தெரிந்தது: ஒரு சுற்றில் மொத்த அடிப்போனெக்டினை அளக்கும் கிட், அடுத்த சுற்றில் பெரிய மூலக்கூறுத் திரள்களை மட்டும் அளக்கும் கிட். இந்த ஹார்மோன் ரத்தத்தில் மூன்று மூன்றாக, ஆறு ஆறாக, அதைவிடப் பெரிய திரள்களாகவும் சுற்றும். சிடிஎச்13 உருவாக்கும் டி-கேட்ஹெரின் (T-cadherin) என்ற புரதம் அந்தப் பெரியவற்றைத்தான் பிடித்துக்கொள்ளும். நான் தேடும் விளைவே அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே நிரலில் கலந்து வைத்தால் என்ன செய்வது? கேட்டு எழுதினேன். "இரண்டுமே அடிப்போனெக்டின்தான்" என்று பதில்.

கிட் பெயரும் சுற்று எண்ணும் விண்ணப்பத்தில் கேட்காத நிரல்கள். அவற்றைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம், மறுபடி கமிட்டி. காப்பாற்றியது அளவெடுத்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் அம்மா. நோட்டுப் புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து கமிட்டிக்கே அனுப்பிவைத்தார். தேதிவாரியாக, எந்தத் தட்டு எந்த கிட் என்று நீல மையில் எழுதியிருந்தது, இடையில் ஒரு காபிக் கறை வேறு. நீங்கள் கேட்கும்போது ஹார்மோன் அளவோடு கிட், லாட் எண், சுற்று, ரத்தம் எடுத்த தேதி எல்லாவற்றையும் முதல் படிவத்திலேயே டிக் செய்துவிடுங்கள். வேண்டாமென்றால் பிறகு விட்டுவிடலாம்.

அலசலெல்லாம் அவர்களுடைய மூடிய அறையில்தான். போன், பென் டிரைவ் எதுவும் உள்ளே போகாது. முடிவுகள் வெளியே வர இன்னொரு சரிபார்ப்பு. டேபிளின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த டேபிள் நின்றுவிடும். ஏடிஐபிஓக்யூவில் அளவை வெகுவாகக் குறைக்கும் அரிதான மாற்றங்கள் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், ஆகவே அத்தனையும் வெட்டு. அவர்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பது நியாயம்தான், மறுக்கவில்லை. எல்லா அரிய மாற்றங்களையும் ஒரே குழுவாகக் கட்டிக் கணக்கிட்டேன், அது தாண்டிவிட்டது.

கடைசித் தடங்கல்தான் வேடிக்கை. சரிபார்ப்பவர் ஒருவர், "குறி தவறு, திருத்தவும்" என்று என் முக்கியமான டேபிளையே திருப்பினார். விளைவுக்கு முன்னாலுள்ள கூட்டல், கழித்தல் குறியைச் சொல்கிறார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அடிப்போனெக்டின் குறைந்தால் சர்க்கரைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் கெடுதல் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் சிடிஎச்13இல் ஆர்எஸ்4783244 என்ற இடத்தில் அளவைக் குறைக்கும் வடிவம் உள்ளவர்களை, ஹார்மோன் அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், நிலைமை மோசமாக இல்லை, மேலாகவே இருக்கிறது. உடல் அந்தக் குறைந்த அளவுக்கே நன்றாக இணங்குகிறது போலும். கிழக்காசியர்களிடம் இதை 2013இலேயே ஒரு ஆய்வு சொல்லிவிட்டது. அந்தக் கட்டுரையை இணைத்து, குறி சரிதான் என்று கொரிய மொழியில் அரைப்பக்கம் எழுதி அனுப்பினோம். ஒரு எழுத்தும் மாறாமல் டேபிள் வெளியே வந்தது.

அந்த அரைப்பக்கத்தை எழுதித் தந்த லேப் தம்பிக்கு ஒரு வேளை சம்க்யோப்சால், அதாவது சுட்ட பன்றி வயிற்றிறைச்சி, பாக்கி. கொழுப்பு அதிகமான துண்டாகத்தான் கேட்டிருக்கிறான்.