தலையில் அடித்துக்கொள்கிறவருக்கு முதலில் காதைப் பாருங்கள்

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் புதிதாகத் தலையில் அடித்துக்கொள்கிறார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். "இவங்க இப்படித்தான்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவதுதான் நர்ஸ் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. வாயால் சொல்ல முடியாத வலியாக இருக்கலாம்; மனநல மாத்திரையைக் கூட்டும் பேச்சு வருமுன் காது, வாய், வயிறு மூன்றையும் பார்த்தாக வேண்டும். காதில் குறும்பி அடைத்திருக்கலாம், கடைவாய்ப் பல் சொத்தையாகியிருக்கலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர் என்றால் ஈறு தடித்துப் பல்லை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது வயிறுதான். "மோஷன் போறாரா?" என்றால் "போறார்" என்றுதான் பதில் வரும். "அம்மா, தம்பி கடைசியா என்னைக்குப் போனார்? ஆட்டுப் புழுக்கை மாதிரியா, வாழைப்பழம் மாதிரியா?" என்று கேளுங்கள். இறுகிய மலம் அடைத்துக் கிடக்க, அதன் ஓரமாகத் தண்ணீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு இடது அடிவயிற்றை மெதுவாக அழுத்துங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்படலாம். தட்டுப்படவில்லை என்பதற்காக மலச்சிக்கல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மருந்துச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள்: குளோசபின் (மனநோய் மாத்திரை), டிரைஹெக்சிபெனிடில் (மனநோய் மாத்திரைகளால் வரும் நடுக்கம், விறைப்புக்குக் கொடுப்பது), இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே மலத்தைக் கட்டும். வயிறு உப்பி வாந்தியும் எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

புரையேறுவதைக் கண்டுபிடிக்க, ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை பக்கத்தில் உட்காருவதைவிட நல்ல வழி இல்லை. இருமல், கண்ணில் நீர், தண்ணீர் குடித்ததும் களகளவென்று மாறும் குரல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் மட்டுமே தடயம்.

எடை பார்க்கச் சக்கர நாற்காலியோடு நிறுத்தால், நாற்காலியை மெத்தை, பெல்ட்டோடு தனியாக நிறுத்துக் கழியுங்கள். பிபி பட்டையை முதலில் அம்மா கையில் கட்டிக் காட்டுங்கள். அப்படியும் கையை இழுத்துக்கொண்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள்; இன்னொரு நாள் பார்க்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ளவர் மந்தமாகிவிட்டால், அவருக்குக் கடைசியாகத் தைராய்டு பரிசோதனை எப்போது நடந்தது என்று பாருங்கள். அது ஆண்டுதோறும் நடக்க வேண்டியது. அவர்களுக்கு மறதிநோய் சீக்கிரமே வரக்கூடும். அதனால் 40 வயதுக்கு முன்பே, நன்றாக இருக்கும்போது, அவர் நடப்பதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் வீட்டாரை ஃபோனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் டாக்டர் "முன்பு எப்படி இருந்தார்?" என்று கேட்கும்போது காட்ட அது வேண்டும்.