ஆயுளுக்கும் ஒரே ஆயிலா?

காருக்கு அடியில் வைத்த டிரேயில் பழைய கியர் ஆயில் வடிந்தது. புதிதாக ஊற்றும்போது செக்கச்செவேலென்று இருப்பது, டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சீல் செய்தது, அளவு பார்க்க டிப்ஸ்டிக்கே கிடையாது.

இந்த ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் பல கார்களை விற்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது.

மெக்கானிக் அண்ணன் அவசரப்படவே இல்லை. புது ஆயில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை ஒவ்வொரு நிலையாகத் தள்ளினார். காரோடு இணைத்த ஸ்கேனரில் ஆயில் சூடு 40 டிகிரியைத் தொட்டதும், அளவு பார்க்கும் போல்ட்டைக் கழற்றினார். தாரையாக வந்த அதிகப்படி ஆயில் சொட்டாகக் குறைந்ததும் மூடினார். சூடு கூடினால் ஆயில் விரியும், அளவு தப்பிவிடும்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.