நாலா, அஞ்சா? ஒரு அரியர் போன கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்ஸி. பூச்சியியல் பிராக்டிகல் அரியர் கிளியர். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு ஸ்பாட்டர்தான், அதாவது மேஜையில் வைத்து என்னவென்று அடையாளம் சொல்லச் சொல்லும் பூச்சி.

உணர்கொம்பில் அஞ்சு கணு இருந்தால் பென்டடோமிடே (நாவாய்ப்பூச்சிக் குடும்பம்), நாலு இருந்தால் கோரெய்டே மாதிரி வேறு குடும்பம். இதை மட்டும் நம்பித்தான் ஹாலுக்குள் போனேன். லென்ஸ் வைத்து எண்ணினேன், நாலு. கோரெய்டே என்று எழுதிவிட்டேன். அது பச்சை நாவாய்ப்பூச்சியின், அதாவது நெசாரா விரிடுலாவின் இளம்பூச்சி. இளம்பூச்சிக்கு நாலு கணுதான். வளர்ந்த பூச்சிக்குத்தான் அஞ்சு. இதை வகுப்பில் யாரும் சொன்ன ஞாபகம் இல்லை.

தண்டையார்ப்பேட்டையில் அத்தை வீட்டு மொட்டை மாடியில், பழைய டிரம்மில் ஒரு அவரைக் கொடி இருந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் வெளிறிய முட்டைகள், குட்டிப் பீப்பாய்களை அடுக்கியது போல. இலையோடு கிள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டினேன். பொரிந்த குஞ்சுகள் காலி முட்டை ஓடுகள் மேலேயே கும்பலாக உட்கார்ந்திருந்தன. அவரைக்காயைத் தொடவே இல்லை. முதல் தோலை உரித்த பிறகுதான் காயில் குழல்வாயைச் செருகின. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் உணர்கொம்பை எண்ணினேன். நாலு, நாலு, நாலு. அஞ்சாவது தோல் கழன்றதும் முழு இறக்கையோடு அஞ்சு கணு. மாடியில் தனியாகக் கத்திவிட்டேன்.

"பூச்சிக்கா இவ்ளோ சோறு போட்ற?" என்றார் அத்தை.

சரி, இந்தப் பிராக்டிகலுக்குப் போகும் உங்களுக்கு:

முதலில் இறக்கையைப் பாருங்கள். மொட்டு மாதிரி இருந்தால், அல்லது இறக்கையே தெரியாவிட்டால், எண்ணிக்கையை நம்பாதீர்கள். அப்புறம்தான் உணர்கொம்பு. பெட்டிக்குள் கிடக்கும் பழைய ஸ்பெசிமனில் ஒரு பக்கம் ஒடிந்திருக்கும், இரண்டு பக்கமும் எண்ணுங்கள்.

நாற்றச் சுரப்பி இளம்பூச்சிக்கு வயிற்றின் முதுகுப்பக்கம், வளர்ந்ததற்கு மார்பின் அடியில். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் வரும். (மணலி ஆலைகள் பக்கக் காற்று அடிக்கும் நாளில் அந்த நாற்றம் தனியாகத் தெரியாது, அது வேறு விஷயம்.)

பென்டடோமிடே என்றாலே செடிச் சாறு உறிஞ்சி என்று எழுதாதீர்கள். குழல்வாயின் அடிப்பகுதி தடித்திருந்தால் அசோபினே, அதே குடும்பத்தில் புழுவைக் குத்தித் தின்னும் கூட்டம்.

கறுத்த முட்டையில் இருந்து பெரும்பாலும் குட்டிக் குளவிதான் வரும். ஒட்டுண்ணி என்று எழுதினால் மார்க்.

பச்சை நாவாய்ப்பூச்சி இணை தேடும்போது செடியின் தண்டு வழியே சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிர்வு அனுப்பும். இதைச் சொன்னதும் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனப்பாடம் செய்யும் வகையினருக்கு என் வழி ஒத்துவராது. ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. மீதிப் பூச்சிகளை அத்தை சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார். ஒன்றை மட்டும் பின் குத்தி வைத்திருக்கிறேன். உணர்கொம்பு இரண்டும் முழுசாக இருக்கிறது.