இருமினாலும் போகுது, ஓடினாலும் போகுது

எங்கட பக்கம் பொம்புளைகள் நாலு பேர் கூடினா நாரி நோ, முழங்கால் நோ, சீனி, பிரஷர் எண்டு எல்லாம் கதைப்பம், சலம், அதான் மூத்திரம், கசியிற கதைக்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல. நானும் கடைசிப் பிள்ளைக்குப் பிறகு தும்மல் வந்தா காலைக் குறுக்கிட்டு நிக்கிற ஆள்தான். வயசு போனா, பிள்ளை பெத்தா வாறதுதானேகா எண்டு சொல்லி முடிச்சிருவாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கோவம். இது ஒரு வருத்தம் இல்ல, நாலஞ்சு விதம் இரிக்கி, ஒண்டுக்குச் செய்யிற வைத்தியம் மத்ததுக்கு உதவாது, சில நேரம் கெடுத்தும் விட்டுரும்.

அரிதான விசயமும் இல்ல. உலகத்தில பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்தா வளர்ந்த பொம்புளைகள்ல 100க்கு 25ல இருந்து 45 பேர் வரைக்கும் ஏதோ ஒரு அளவில கசியிது, ஆம்பிளைகள்ல அதில பாதி மட்டில. முதியோர் இல்லங்கள்ல எண்டா பாதிப் பேருக்குக் குறையாது. கணக்கு ஏன் இப்பிடி இழுபடுது எண்டா, வருசத்தில ஒருக்காப் போனாலும் சேக்கிறதா கிழமைக்கு ஒருக்காப் போனாத்தானா எண்டு ஆளுக்கொரு மாதிரிக் கேக்கிறாங்க.

எங்கட குடும்பத்திலயும் கூட்டாளியிட்டயும் எல்லா வகையும் இரிக்கி, கண்காட்சி வைக்கலாம்.

என்ட ஸ்ட்ரெஸ் வகை, மனசில வாற ஸ்ட்ரெஸ் இல்ல, வயித்து அமுக்கம். இருமினா, சிரிச்சா, கிணத்தடியில வாளி தூக்கினா, வயித்தில அமுக்கம் கூடுற நேரமெல்லாம் ரெண்டு சொட்டுப் போகும். பிள்ளைப்பேறில கீழ்த் தசை தளர்ந்து போறது பெரிய காரணம், உடம்பு பாரமும் ஒரு காரணம். இதுக்குக் குளிசைக்கு முதல் பயிற்சிதான். ஆர்னால்ட் கெகல் எண்ட அமெரிக்க டொக்டர் 1948ல எழுதி வச்சது, இண்டைக்கும் முதல்ல சொல்றது அதைத்தான். சலத்தையும் காத்தையும் ஒண்டா அடக்கிற மாதிரி உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சு விடோணும், ஒரு தரத்துக்கு 8 தடவை, நாளைக்கு 3 தரம், குறைஞ்சது 3 மாசம். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. நான் சோறு வடிக்கக்குள்ள செய்வன், பக்கத்தில நிக்கிற ஆளுக்கே தெரியா.

அம்மாட வேற. அவக்கு வந்தா வந்ததுதான், ஒரு நிமிசம் பொறுக்கேலாது. கல்லடியில பஸ்ஸால இறங்கி வீடு மட்டும் நல்லாத்தான் நடந்து வருவா, கேட்டுப் பூட்டில திறப்பைப் போடக்குள்ள முந்திரும், பைப் தண்ணிச் சத்தம் கேட்டாலும் அப்பிடித்தான். சலப்பை நிறைய முதலே தானாச் சுருங்குறது இது, அர்ஜ் வகை. அதோட முழங்கால் வருத்தமும், கக்கூசு வளவுட கடைசி மூலையில, ராவையில எழும்பி லைட்டைத் தேடி நடந்து போறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். சலப்பை நல்லா இருந்தாலும் நேரத்துக்குப் போய்ச்சேரேலாம போறதும் ஒரு தனி வகைதான். அம்மாட கட்டிலுக்குப் பக்கத்தில கொமட் கதிரை ஒண்டு வச்சு, சுவிட்சைக் கைக்கெட்டக் கொண்டுவந்தோடன பாதி குறைஞ்சிட்டு. மத்தப் பாதிக்கு, வந்தோடன ஓடாம கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டி அடக்கிப் பழகுறா, பின்னேரத் தேத்தண்ணியையும் குறைச்சிட்டா. முந்தி மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போறதெண்டா முதல்நாள் ராவே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருவா. அது பிழை. தண்ணி குறைஞ்சா சலம் கடுத்து சலப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் வந்து சேரும்.

காத்தான்குடியில இருக்கிற என்ட கூட்டாளிக்கு ஸ்ட்ரெஸ்சும் அர்ஜும் ரெண்டும் கலந்தது. அவக்குக் கசிவை விட ஒளு, அதான் தொழ முதல் கழுவிச் சுத்தம் செய்யிறது, முறியிற கவலைதான் பெரிசு, தொழுகையில குனியக்குள்ள பயம். மறுகா மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமிட்டக் கேக்க, நிக்காமக் கசியிற ஆக்களுக்கு மார்க்கத்திலயே சலுகை இரிக்கி, ஒவ்வொரு நேரத்துக்கும் சுத்தம் செஞ்சு புதுசா ஒளு எடுத்துத் தொழலாம் எண்டு சொல்லியிருக்கார். எங்கட ஆக்கள் இதே பயத்தில கோயில் வாசலோட திரும்பி வாறாங்க, அவங்களுக்கும் ஆரும் இப்பிடி எடுத்துச் சொன்னா நல்லம்.

எல்லாத்திலயும் ஏமாத்துறது பெரியப்பாட வகை. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாச் சாரன் நனையும், அடக்கேலாத வருத்தம் எண்டு பம்பஸ் வாங்கிக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஸ்கேன் பண்ணினா சலப்பை முட்டி நிக்கிது! ஆம்பிளைகளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற புரஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைச்சு, உள்ளுக்குக் கொள்ளாம மிஞ்சினதுதான் வழிஞ்சிருக்கு. சலம் வடிய கெதீட்டர் குழாய் போட்ட பிறகுதான் மனிசன் நிம்மதியாப் படுத்தார். அம்மாட வகைக்குக் குடுக்கிற சில குளிசையை இவருக்குக் குடுத்திருந்தா ஒரேயடியா அடைச்சிருக்கும். கனகாலம் இப்பிடித் தேங்கினா கிட்னியையும் பழுதாக்கும். நெடுநாள் சீனி வருத்தத்தில நரம்பு கெட்டாலும் இதே மாதிரி வரும்.

கிளினிக்கில மாசாமாசம் பிரஷர் பாக்கிறாங்க, சீனி பாக்கிறாங்க, இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கிறல்ல. அங்க தாற குளிசையாலயே சிலருக்குக் கூடுது. பிரஷர் குளிசை எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், இருமினாப் போகும். புருசமைட் சலத்தைக் கூட்டும். பிரசோசின் எண்ட இன்னொரு பிரஷர் குளிசை பொம்புளைகளுக்குச் சலவாசலைத் தளர்த்தி விடும். நீங்களா நிப்பாட்டிராதீங்க, மாத்தலாமா எண்டு டொக்டரிட்டக் கேளுங்க.

போக முதல் மூண்டு நாளைக்கு ஒரு கொப்பியில எழுதுங்க: எத்தின மணிக்கு என்ன குடிச்ச, எத்தின மணிக்கு எவ்வளவு போன, எப்ப கசிஞ்ச, அந்த நேரம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்த. பழைய அளவுக் கப் ஒண்டைக் கக்கூசில வச்சா அளக்கலாம். வெக்கத்தில வாய் வராட்டி அந்தக் கொப்பியை நீட்டினாலே போதும், டொக்டருக்கு வகை பிடிபடும். ரெத்தம் போனா, கால் விறைச்சா, திடீரெண்டு ஒண்டும் போகாம வயிறு முட்டினா கொப்பியும் வேணாம் ஒண்டும் வேணாம், உடன ஆசுபத்திரிக்குப் போங்க.