ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டதால், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள், தாங்களும் வெள்ளத்தில் சிக்கியிருந்த பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள்தான்.

இதற்கிடையே மாநில அரசும் வானிலைத் துறையும், முன்னெச்சரிக்கை சரியாக வந்ததா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தன. எச்சரிக்கை எப்போது வந்திருந்தாலும், குளத்துக்கரைகளையும் மடைகளையும் மழைக்காலத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். (அதைச் சொல்ல வானிலை அறிவு தேவையில்லை.) எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவரோ, சுவரில் இடுப்பளவுக்குப் படிந்திருந்த சேற்றுக்கோட்டைப் பார்த்த பிறகும், வெள்ளத்தோடு போய்விட்ட ரேஷன் கார்டைத்தான் கேட்டார்.