மாமல்லபுரத்து ஆங்கிலம்

இன்று மாலை மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் பாசிமணி விற்கும் பெண்மணி ஒருவர், வெளிநாட்டுப் பயணியிடம் ஆங்கிலத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்.

கேட்ட விலையைப் பயணி பாதியாகக் குறைத்ததும், "நோ மேடம், யூ ஹாப்பி, மீ க்ரை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இலக்கணம் நொண்டியது, தயக்கம் துளியும் இல்லை. பயணி இரண்டு மாலைகளாகவே வாங்கிக்கொண்டார்.

1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரில், சிற்பிகளும் ஆட்டோ ஓட்டுநர்களும் இளநீர் விற்பவர்களும் காதால் கேட்டு, வாயால் பேசியே மொழியைப் பிடித்திருக்கிறார்கள்.

பள்ளி தொடங்கிக் கல்லூரிவரை ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் பலர் நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்க, வெளிநாடு போனால்தான் பேச்சு வரும் என்று பெற்றோர் கடன் வாங்கத் துணிகிறார்கள். (அங்கே போயும் தமிழ் நண்பர்களோடு தங்கி, தமிழிலேயே பேசிவிட்டுத் திரும்புபவர்கள் தனிக் கதை.)

தினமும் அரை மணி நேரம் கிரிக்கெட் வர்ணனையையோ பிபிசி செய்தியையோ கேட்டு, பேசுபவரின் பின்னாலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு நண்பரோடு மாலை நடையில் ஆங்கிலம் மட்டுமே என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.