சிக்னல் 11

“காரணம் தெரியாமலே இமேஜை மாத்துறதா அண்ணா?” என்று தங்கச்சி கேட்டாள். இமேஜ் என்றால் ஒரு தளம் ஓடத் தேவையான மென்பொருளெல்லாம் அடைத்த பொதி; எங்களது அல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கட்டியது. “முதல்ல ஓடட்டும், மறுகா பார்ப்பம்” என்றேன். அந்தப் பதில் சரிதானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் முன்பதிவுத் தளம், வெள்ளிக்கிழமை பின்னேரம், உரிமையாளர் கோல் எடுத்தபடியே இருக்கிறார். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. தளத்தின் பைதன் நிரலை ஓட்டும் யூவிஸ்கி வேர்க்கர் செத்துச் செத்து எழும்பிக்கொண்டிருந்தது. மெமரி போதாமல் கேர்னல் (லினக்ஸின் கரு) கொன்றிருந்தால் சிக்னல் 9 என்று வரும், இங்கே ஒவ்வொரு முறையும் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபோல்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை. ரேமைக் கூட்டிப் பிரயோசனமில்லை. அல்பைனின் மசில் என்ற சி நூலகம் ஒரு த்ரெட்டுக்கு (வேர்க்கருக்குள் ஓடும் ஓர் இழைக்கு) 128 கிலோபைட் ஸ்டாக்தான், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளுக்கான இடம்தான், கொடுக்கும்; இன்னொரு லினக்ஸான டெபியனில் வழக்கமாக 8 மெகாபைட். இது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்டது வேறு: அந்த ஸ்டாக்கை எது தின்கிறது?

நல்ல கேள்விதான். ஆனால் பதில் கிடைக்கும்வரை மனிசன் அறை விற்காமல் இருப்பாரா? இமேஜை டெபியனின் சிறிய வடிவமான டெபியன் ஸ்லிம்முக்கு மாற்றினேன். இமேஜ் பெருத்தது, வேர்க்கர் சாவது நின்றது.

மறுநாள் ஒரே ஒரு பக்கம் மட்டும் 500 என்ற சேர்வர் பிழையைக் காட்டியது. லொக்கில் பைதனின் ரிகர்ஷன் எரர். அறை வகை ஒன்றுக்கு அதே வகையையே தாய் வகையாக யாரோ தெரிவு செய்திருந்தார்கள், மெனு கட்டும் ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறது. அல்பைனில், பைதன் 1000 தடவையில் மறிப்பதற்கு முன்னமே ஸ்டாக் தீர்ந்து, ஏன் என்று ஒரு வரிகூட எழுதாமல் வேர்க்கர் செத்திருக்கிறது.

ஆக, காரணம் தேடாமல் மாற்றியதால்தான் காரணமே தெரிந்தது. அதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். “த்ரெட் ஸ்டாக்கைக் கூட்டியிருந்தாலும் இதே எரர்தான் வந்திருக்கும் அண்ணா, கொன்ஃபிக்ல ஒரு வரி” என்றாள். உண்மைதான். ஆனால் அதுவும் காரணம் தெரியாமல் கூட்டுவதுதானே? இதை அவளிடம் சொல்லவில்லை, வாதத்தில் வெல்வது போலாகிவிடும்.

உறுத்துவது இன்னொன்று. அந்த வகை தன்னையே சுட்டாமல், சும்மா ஆழமாக மட்டும் இருந்திருந்தால், டெபியன் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும், நானும் திருத்திவிட்டேன் என்று பில் போட்டிருப்பேன். அதில் என்ன பிழை என்றும் சில நேரம் தோன்றுகிறது, தளம் ஓடியிருக்குமே.

போன கிழமை, திரும்ப அல்பைனுக்கே போவோமா என்று கேட்டாள். ஓடுதுதானே, விடு என்றேன்.